வழக்கமாக வசிக்காதவர்

லிங்கி செட்டித் தெரு, இரண்டாம் மாடி.
ஜூலை ஆகியும் கீழ்ப்படிகளில்
டிசம்பர் தண்ணீரின் கறை, முழங்கால் உயரத்துக்கு.
நஃபூலா பாஸ்போர்ட்டை என் மேஜையில் விரிக்கிறாள்.
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி
ஒவ்வொரு முத்திரையாக எண்ணுகிறேன்.
வந்த நாளும் ஒரு நாள். போன நாளும் ஒரு நாள்.
சட்டத்துக்கு அரை நாள் தெரியாது.

நைரோபியில் அவளுக்கு சவுரிக்கடை.
தண்டையார்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை,
பதினான்கு பெண்கள், யாரோ நேர்ந்துகொண்ட முடி:
சிக்கெடுத்து, அலசி, அளந்து
பத்து அங்குலம், பதினான்கு, பதினெட்டு.
முடிக்கு எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

நூற்றெண்பதாம் நாள் விடிகாலைக்கு
கணக்குப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தாள்.
புயல் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.
ஓடுபாதையில் மீன் துள்ளியதாகப் பேச்சு.
மெழுகுவத்தி, ரொட்டி,
கீழ்வீட்டு ரெஜினாமேரி கயிற்றில் கட்டி ஏற்றிவிட்ட
வஞ்சிரக் குழம்பு
என்று கழிந்து, நூற்றெண்பத்து மூன்றாம் நாள்தான்
மேகத்துக்கு மேலே போனாள்.

எல்லை நூற்றெண்பத்திரண்டு.
புயல் என்று எழுத படிவத்தில் கட்டம் இல்லை.

ஆக, வரிக்கு அவள் ஊர்க்காரி.
விசாவுக்கு இன்னும் விருந்தாளி.
அந்த ஜன்னலில் கேட்கிறார்கள்: எப்போது போவாய்?
இந்த மேஜையில் நான்: எப்போது வந்தாய்?
ஓட்டு இல்லை, ரேஷன் அட்டை இல்லை,
இறை மட்டும் உண்டு.
இறை என்றால் எங்கள் பழைய தமிழில்
வரியும்தான், சாமியும்தான் என்றேன்.
யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"ரெண்டுமே முடி கேட்கும்."

பயப்படாதே, முதல் வருஷம்தானே.
நீ வசிப்பவள்; ஆனால் வழக்கமாக வசிக்காதவள்.
நைரோபி வீட்டு வாடகை
இந்தக் கூட்டலுக்குள் வராது.
அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்டாள்.
நாக்கில் உருட்டிப் பார்த்தாள்.
கொட்டகையில் போய்ச் சொல்ல வேண்டுமாம்,
நீங்கள் என்னை மாமியார் மாதிரி நடத்தக் கூடாது,
நான் வழக்கமாக வசிக்காதவள் என்று.

ஒரே ஒரு முள்.
இங்கிருந்து ஆளப்படும் வியாபாரம்
எங்கே இருந்தாலும் இங்கே கணக்கு.

"நீ இங்கே இருந்த மாதங்களில் அந்தக் கடையை நடத்தியது யார்?"
"தங்கச்சி."
"விலை சொன்னது?"

பதில் இல்லை.
நானே பார்த்திருக்கிறேன். இரவு பத்தரை, மொட்டை மாடி,
துறைமுகக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள்,
ரெண்டு கோடு சிக்னலைத் தேடி
தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று
குறைச்சு வித்துடாதே என்று கத்திக்கொண்டிருப்பாள்.
ஆட்சி என்பது அவ்வளவுதான் போலிருக்கிறது.

இரண்டு நாடும் உன்னைக் கேட்டால்
ஒப்பந்தத்தைப் பிரிப்போம், அதில் ஒரு கேள்வி வரும்:
நிலையான வீடு எங்கே?
இரண்டிலும் என்றால், சரி,
உறவும் பிழைப்பும் எங்கே நெருக்கம்?

பதினோரு வருஷமாக இதை அடுத்தவர்களுக்கு வாசிக்கிறேன்.
என் பாஸ்போர்ட்டில் முத்திரையே கிடையாது.
காசிமேட்டிலிருந்து மண்ணடி, மண்ணடியிலிருந்து காசிமேடு,
என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.
கேட்டால் என்ன எழுதுவேன் என்று
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தபோது

போன் அதிர்ந்தது, பாஸ்போர்ட்டின் மேலேயே.
தங்கச்சி.
நஃபூலா என்னைப் பார்த்தாள்.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன்,
டீக்காரப் பையன் வருகிறானா பார்க்க.
முதுகுக்குப் பின்னால் மளமளவென்று சுவாஹிலி.
நடுவில் எய்ட்டீன், எய்ட்டீன் என்பது மட்டும்
தெளிவாகக் கேட்டது.